மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தை: பாலியல் கொடுமையும் நிறுவனங்களின் மௌனமும்

குழந்தைகளுக்கு மருத்துவம் பார்ப்பவர்களே அவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய நிகழ்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளில் வெளிவந்திருக்கின்றன. பெரிதாகப் பேசப்பட்ட வழக்குகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் இரண்டு குற்றங்கள் தெரியும். ஒன்று அந்தத் தனிமனிதர் செய்தது. மற்றொன்று, அவர் வேலை பார்த்த மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ மருத்துவர் கழகமோ தெரிந்திருந்தும் செய்யாமல் விட்டது. முதலாவதைத் தண்டிக்க இந்தியாவில் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலிருந்தே ஏதோ ஒரு வழி இருந்தது. குழந்தைக்கு நேர்ந்ததை மறைப்பதே தனிக்குற்றம் என்று நாடு முழுமைக்குமான சட்டம் ஒன்று சொல்ல 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டாவது குற்றத்தின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படாதது.

உத்திரமேரூரும் திருமுக்கூடலும்

நிறுவனம் தன் உறுப்பினரின் தவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பாடநூல்களில் புகழ்பெற்றவை. முப்பது குடும்புகள், முப்பத்தைந்து முதல் எழுபது வரை வயது, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு என்ற தகுதிகளை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். யாரெல்லாம் நிற்கக் கூடாது என்ற பகுதி அதைவிடச் சுவையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி பெயர் எழுதக் கூடாது. அவர் மட்டுமல்ல, சிற்றன்னை, பேரன்னை, அத்தை, மாமன் வழி உறவினரும் கூடாது. தகாத உறவு கொண்டவரும், பெரும்பாதகம் செய்தவரும், அவர்தம் உறவினரும் கூடாது. பிறர் பொருளை அபகரித்தவரும் விலக்கப்பட்டார்.

உறவினரையும் சேர்த்து விலக்குவது இன்றைய நீதிக்கு ஒவ்வாது. ஆனால் அந்தச் சபையார் ஒன்றைப் புரிந்து வைத்திருந்தார்கள்: தவறு செய்தவரைக் காப்பாற்றுபவர் பெரும்பாலும் அவரைச் சுற்றியிருப்பவரே. இந்தச் சபையை மிகையாகப் புகழவும் வேண்டியதில்லை. அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. பெண்களுக்கும் ஊரின் மற்றச் சாதியாருக்கும் அதில் இடமில்லை. குழந்தை ஒன்றுக்கு மட்டும் ஒரு வேலை இருந்தது. குடத்திலிருந்து ஓலையை எடுக்க, எழுத்தைப் பார்த்து வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவனை அழைத்தார்கள். பெரியவர்களின் கைகளை நம்பாத சபை அவன் கையை நம்பியது.

உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலோடு இணைந்து வேதம் பயிலும் கல்விச்சாலை, மாணவர் விடுதி, வீரசோழன் என்ற பெயரில் ஆதுலசாலை ஆகியவை நடந்ததை அது பதிவு செய்கிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள். பதினைந்து படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மருந்து கொடுத்துப் பராமரிக்கும் பெண்கள் இருவர், மூலிகை கொண்டுவரும் ஆட்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள், ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லும் காசும் என எல்லாம் விவரமாக உள்ளன. சிகிச்சை பெற்றவர்கள் கோயில் பணியாளரும் விடுதி மாணவரும்.

இக்கல்வெட்டுகளில் குழந்தைகள் மீதான கொடுமை பற்றி எதுவும் இல்லை. இருப்பதாகக் காட்டுவது வரலாறாகாது. ஆனால் வீட்டை விட்டு விலகி விடுதியில் தங்கும் சிறுவர், அவர்களுக்கென நியமிக்கப்பட்ட மருத்துவர், இருவருக்கும் மேலே ஒரு நிர்வாகம் என்ற அமைப்பு இவ்வட்டாரத்தில் சுமார் 950 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. நவீன காலத்தில் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்த பல இடங்களும் இதே மூன்று கோணங்களைக் கொண்டவை.

ஊசிக்கு அடங்கும் பிள்ளை

சிற்றூரில் மருத்துவருக்கு உள்ள மதிப்பு தனி. கைராசி டாக்டர் என்று பெயர் வாங்கிவிட்டால் மூன்று தலைமுறை அவரிடமே போகும். அழுகிற பிள்ளையிடம் "டாக்டர் ஊசி போட்டுடுவார், சும்மா இரு" என்று சொல்லாத வீடு குறைவு. சட்டையைக் கழற்று என்றால் கழற்ற வேண்டும், வலித்தாலும் அசையக் கூடாது, அவர் என்ன செய்தாலும் உன் நல்லதுக்குத்தான். இதைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது பெற்றோரே. வேறு எந்த அந்நியருக்கும் கிடைக்காத அனுமதி இது.

அதனால்தான் மருத்துவர் இழைக்கும் கொடுமை மற்றவற்றைவிடக் கண்டறியக் கடினமானது. குழந்தைக்கு எது பரிசோதனை, எது இல்லை என்று தெரியாது. தாய் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். பிள்ளை தயங்கித் தயங்கி எதையோ சொன்னாலும், "அது வைத்தியம்" என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும்.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட தேசிய ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. தமிழ்நாடு அந்த 13 மாநிலங்களுள் ஒன்றன்று. இங்கு நிலைமை வேறு என்று எண்ண அது காரணமாகாது.

மருத்துவச் சான்றே எதிரியானபோது

இந்தியாவில் இக்கேள்வி முதலில் எழுந்தது மருத்துவர் செய்த குற்றத்தால் அல்ல, மருத்துவர் எழுதிய சான்றால். 1972இல் மகாராஷ்டிரத்தின் அன்றைய சந்திரப்பூர் மாவட்டத்தில், தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு வரவழைக்கப்பட்ட பழங்குடிச் சிறுமி ஒருவர் அங்கேயே காவலரால் வன்புணர்வுக்கு ஆளானார். மருத்துவர் அவருடைய வயதை 14 முதல் 16 வரை என்று கணித்தார். உடலில் காயம் இல்லை என்றும், இரு விரல் சோதனையில் கண்டது இன்னது என்றும் எழுதினார். அந்த வரிகளே அவருக்கு எதிராகத் திரும்பின. பாலுறவுக்குப் பழகியவர், எதிர்க்கவில்லை என்ற முடிவுக்கு விசாரணை நீதிமன்றம் வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு காவலரைத் தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. அதன் விளைவான 1983ஆம் ஆண்டுத் திருத்தம் பொறுப்பில் வைத்திருப்பவர் இழைக்கும் வன்புணர்வைத் தனியாகப் பிரித்தது. காவல் நிலையம், சிறை, காப்பகம் ஆகியவற்றோடு மருத்துவமனை நிர்வாகத்தினரும் பணியாளரும் அப்போதுதான் முதல் முறையாகச் சட்டத்தில் பெயர் பெற்றனர். ஆனால் அந்தச் சட்டம் பெண்ணை மட்டுமே பார்த்தது. ஆண் குழந்தைக்கு 377ஆம் பிரிவைத் தவிர வேறு வழியில்லை. அறிந்து மறைத்த நிர்வாகியை அது தொடவும் இல்லை.

இரு விரல் சோதனையின் ஆயுள் இன்னும் நீண்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் அதை விலக்கின. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் அது நடந்துகொண்டிருந்ததால்தான், 16 வயதுச் சிறுமி தொடர்பான வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் அதை உடனே தடை செய்யும்படி மாநில அரசுக்கு உத்தரவிட நேர்ந்தது. ஒரு சுற்றறிக்கை தில்லியிலிருந்து ஒரு வட்ட மருத்துவமனையின் பரிசோதனை அறைக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதற்கு இது ஓர் அளவு.

இரண்டு வெளிநாட்டு வழக்குகள்

அமெரிக்காவின் லேரி நாசர், பிரான்சின் ஜோயல் லெ ஸ்குவார்னெக் ஆகிய இருவரின் வழக்குகளில் விசாரணை ஆவணங்கள் ஏராளமாக வெளிவந்துவிட்டதால், நிறுவனங்களின் மௌனம் எப்படி உருவாகிறது என்பதை அவற்றில் படிப்படியாகக் காணலாம்.

நாசர் அமெரிக்கத் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1997லேயே பதின்ம வயது மாணவியர் பல்கலைக்கழகப் பயிற்சியாளரிடம் அவரைப் பற்றிச் சொன்னார்கள். பேச்சு அங்கேயே அமுங்கியது. 2014இல் பட்டதாரி ஒருவர் முறைப்படி புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் விசாரித்தது. அது பாலியல் செயலா, சிகிச்சையா என்று கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்கள் அதே பல்கலைக்கழகத்தவர், நாசருக்குத் தெரிந்தவர்கள். சிகிச்சைதான் என்றார்கள். இனிப் பரிசோதனையின்போது மற்றொருவர் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் விதிக்கப்பட்டது; அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 2015 ஜூலையில் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் தகவல் கொடுத்தது. அதன் இண்டியானாபொலிஸ் அலுவலகம் ஓராண்டுக்கு மேல் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அந்த இடைவெளியில் மட்டும் ஏறத்தாழ 70 பேர் பாதிக்கப்பட்டதை அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021இல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது.

2016 செப்டம்பரில் ரேச்சல் டென்ஹோலண்டர் தன் பெயரை மறைக்காமல் இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழிடம் பேசிய பிறகே அணை உடைந்தது. 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் எழுந்து பேசினர். 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. நாசரின் மேலதிகாரியான மருத்துவக் கல்லூரி முதல்வர் கடமை தவறியது உள்ளிட்ட குற்றங்களுக்காகச் சிறை சென்றார். கடைசியில் சொன்னது தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டியது.

லெ ஸ்குவார்னெக்கின் கதை உத்திரமேரூர் போன்ற வட்டாரங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அது சிறிய ஊர் மருத்துவமனைகளின் கதை. அறுவைச் சிகிச்சை நிபுணரான அவர் குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்ததற்காக 2005இல் தண்டிக்கப்பட்டார். நான்கு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. மருத்துவம் பார்க்கவோ குழந்தைகளை அணுகவோ தடை ஏதும் விதிக்கப்படவில்லை. கெம்பெர்லே மருத்துவமனையில் அவருடன் பணியாற்றிய மனநல மருத்துவர் ஒருவர் 2006இல் எழுத்து மூலம் எச்சரித்தார். மருத்துவர் கழகத்துக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் தண்டனை விவரம் எட்டியது. ஒழுங்கு நடவடிக்கை இல்லை. 2008இல் ஜொன்சாக் என்ற சிற்றூரின் மருத்துவமனை, பழைய தண்டனையை அறிந்தே அவரை வேலைக்கு எடுத்தது.

காரணம் கொடிய உள்நோக்கமன்று. அந்த ஊர்களுக்கு அறுவை மருத்துவர் கிடைக்கவில்லை. அவர் போனால் அறுவைப் பிரிவையே மூட வேண்டியிருக்கும். ஊருக்கு ஒரே மருத்துவர் என்றால் அவர் மீதான புகார் ஊருக்கு எதிரான புகார் ஆகிவிடுகிறது. 2017இல் அண்டை வீட்டு ஆறு வயதுச் சிறுமி சொன்னதை அவளுடைய பெற்றோர் நம்பியதால் அவர் பிடிபட்டார். வீட்டில் கிடைத்த நாட்குறிப்புகளில் பல ஆண்டுகளின் நோயாளிக் குழந்தைகளின் பெயர்கள் இருந்தன. பலர் மயக்க மருந்தில் இருந்தவர்கள், தமக்கு நடந்ததைக் காவல்துறை வந்து சொன்ன பிறகே அறிந்தவர்கள். 299 பேருக்கு இழைத்த குற்றங்களுக்காக 2025 மே 28 அன்று 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

போக்சோ: சொல்லாமல் இருப்பதும் குற்றம்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் எல்லாருக்கும் அது பொருந்தும். மருத்துவமனையின் நிர்வாகத்தினரோ பணியாளரோ, அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், அங்கே ஒரு குழந்தைக்கு இக்குற்றத்தை இழைத்தால் அது கடுமை கூடிய குற்றமாகிறது. ஊடுருவல் குற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி குறைந்தது 20 ஆண்டுச் சிறை. மரண தண்டனை வரை விதிக்கலாம்.

வரலாற்றில் புதியது 19ஆம், 21ஆம் பிரிவுகள். குற்றம் நடந்தது தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர், யாராயினும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மீது வழக்கு வராது. சொல்லாமல் இருந்த குழந்தைக்கு இது பொருந்தாது. இவ்வாறு பேச வேண்டிய சுமை குழந்தையின் தோளிலிருந்து பெரியவர்களின் தோளுக்கு மாறியது.

27ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தையின் மருத்துவப் பரிசோதனையைப் பற்றியது. சிறுமியைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் மருத்துவமனைத் தலைவர் நியமிக்கும் பெண் ஒருவர் இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்க முடியாது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவை குற்றம் நடந்த பிறகு செய்யும் பரிசோதனைக்கு. காய்ச்சலுக்கோ வயிற்றுவலிக்கோ வரும் குழந்தையின் சாதாரணப் பரிசோதனையில் யார் உடனிருக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. மாறாக, பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதலோடு நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் குற்றப் பிரிவுகள் பொருந்தா என்று 41ஆம் பிரிவு கூறுகிறது. அந்த விலக்கு இல்லாமல் எந்த மருத்துவரும் வேலை செய்ய முடியாது என்பது உண்மையே. எனினும் நாசர் இருபது ஆண்டுகள் ஒளிந்துகொண்டது சரியாக இந்தச் சொல்லின் பின்னால்தான்: சிகிச்சை.

கிராமத்தில் இதற்கு ஒரு பகுதி விடை ஏற்கெனவே உண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவில் ஆண் மருத்துவர் ஒருவர், பெண் மருத்துவர் ஒருவர், செவிலியர், மருந்தாளுநர் என்ற அமைப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் தனியாகக் குழந்தையைப் பார்க்காத ஏற்பாடு அது. இடம் காலியாகக் கிடக்கும் ஒன்றியத்தில் அது தாளில்தான் இருக்கும்.

ராஜூரா, ஈரோடு

போக்சோவின் 19ஆம் பிரிவு மருத்துவர் ஒருவரைப் பொறுத்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற முக்கிய வழக்கு அதே பழைய சந்திரப்பூர் மாவட்டத்திலிருந்து வந்தது. 2019இல் ராஜூரா என்ற ஊரில் தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலர் பாலியல் கொடுமைக்கு உள்ளானது வெளிவந்தது. விடுதிப் பிள்ளைகளுக்கென நியமிக்கப்பட்டிருந்த மருத்துவரிடம் அவர்கள் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, சி.டி. ரவிக்குமார் அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. சிறுமியர் வாக்குமூலத்தின் வலிமையை விசாரணைக்கு முன்பே எடைபோட்டது தவறு என்றும், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் குற்றவாளியைக் காக்கும் முயற்சி என்றும் கூறியது. மருத்துவர் குற்றவாளி என்று அது தீர்ப்பளிக்கவில்லை. வழக்கு நடக்கட்டும் என்றது. ஆறு மாதத் தண்டனைக்குரிய சிறு குற்றம்தானே என்று தள்ளிவிட முடியாது என்பதே அதன் பயன்.

அதே ஆண்டு தமிழ்நாட்டில் ஈரோடு வழக்கு வெளிவந்தது. 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பல முறை எடுத்து விற்கப்பட்டிருந்தன. தாயின் துணைவர் அவரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியிருந்தார். 2022 ஜூனில் தாய், அவருடைய துணைவர், இடைத்தரகர், ஆதார் அட்டையில் வயதைத் திருத்திக் கொடுத்தவர் ஆகியோர் கைதாயினர். கருமுட்டை எடுப்பது ஓர் ஊசியோடு முடிகிற வேலையன்று. பல நாள் ஹார்மோன் ஊசி, ஸ்கேன், மயக்க மருந்து, ஒப்புதல் படிவம் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர், செவிலியர், ஆலோசகர் என யாரோ ஒருவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அட்டையில் எழுதிய வயதையும் எதிரே நின்ற சிறுமியையும் ஒப்பிட்டுக் கேட்க ஒருவரும் இல்லை.

2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். சுகாதாரத் துறைக் குழு விசாரித்து அறிக்கை அளித்தது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளோடு கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவற்றின் பெயர்களும் அதில் இருந்தன. 2022 ஜூலையில் அமைச்சர் மா. சுப்பிரமணியன் மருத்துவமனைகள் மீதான நடவடிக்கையை அறிவித்தார். ஒரு குழந்தையின் பொருட்டு மருத்துவமனைகளையே மூடச் சொல்வது தமிழ்நாட்டில் அரிது.

நிறுவனப் பொறுப்பாளர் தண்டிக்கப்படவே முடியாது என்பதும் சரியன்று. பீகாரின் முசாபர்பூர் காப்பக வழக்கில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வால் 2018இல் உண்மை வெளிவந்தது. 2020இல் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. காப்பகத்தைக் கண்காணிக்க வேண்டிய மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவரும் அவர்களுள் ஒருவர். துறையின் பெண் அதிகாரி ஒருவர் தெரிந்தும் தெரிவிக்காததற்காக ஆறு மாதத் தண்டனை பெற்றார்.

புகார் யார் மீது பாய்கிறது

கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அரசு மருத்துவமனைக்குக் கருவுற்று வரும் 16, 17 வயதுப் பெண்ணைப் பற்றி மருத்துவர் தெரிவித்தாக வேண்டும். காதலித்து ஓடிப்போனவர்கள், வீட்டார் மணம் முடித்து வைத்தவர்கள் எனப் பலர் இவ்வழியில் வழக்குக்குள் வருகிறார்கள். அதற்கு அஞ்சி மருத்துவமனைப் பக்கமே வராமல், தெரியாத கைகளில் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று வழங்கிய தீர்ப்பு, கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால் அவர் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று இந்த அச்சத்தைச் சற்றுக் குறைத்தது. ஆக, அதே 19ஆம் பிரிவு ஏழை வீட்டுப் பதின்மரிடம் கறாராகவும், விடுதித் தாளாளரிடமும் மருத்துவமனை உரிமையாளரிடமும் தயக்கமாகவும் நடந்துகொள்கிறது.

மருத்துவக் கழகங்கள்

குற்ற வழக்கு ஒரு பாதை. மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது இன்னொன்று. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் நல்ல விதி ஒன்று இருக்கிறது. தன் தொழிலைச் சேர்ந்தவர் நெறி தவறினால் அச்சமோ சார்போ இன்றி அதை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது 1.7ஆம் விதி. கெம்பெர்லேயின் மனநல மருத்துவர் செய்தது அதைத்தான். ஆனால் வெளிப்படுத்தியவருக்கு என்ன பாதுகாப்பு என்று அந்த விதி சொல்லவில்லை. நோயாளியைப் பாலியல் முறையில் பயன்படுத்துவதை 7.4ஆம் விதி "பிறன்மனை உறவு அல்லது தகாத நடத்தை" என்ற தலைப்பில் அடக்குகிறது. மணமானவர்களின் ஒழுக்கப் பிறழ்வைப் பற்றி எழுதப்பட்ட சொற்கள் அவை. அதில் குழந்தை என்ற சொல்லே இல்லை.

2018இல் உச்ச நீதிமன்றம் பிறன்மனை உறவைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கியது. 2020 செப்டம்பரில் பழைய கழகம் கலைந்து தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. மருந்துகளின் பெயரை எப்படி எழுதுவது, மருந்து நிறுவனங்களோடு எப்படிப் பழகுவது என்பன பற்றிய பகுதிகளுக்கு மருத்துவர் சங்கங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. அதே மாதம் 23ஆம் நாள் அந்த விதிகள் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. 7.4ஆம் விதியும் அவற்றோடு திரும்பி வந்தது.